போர்ட் ஓப்பன் ஆகுது, பிஎல்சி பதில் மட்டும் வரல: கேபிளை முதல்ல பாருங்க

நண்பா, பிஎல்சியை (மெஷினை ஓட்டுற கன்ட்ரோலர்) யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் வழியா கம்ப்யூட்டர்ல மாட்டினா காம் போர்ட் ஓப்பன் ஆகுது, எரர் இல்ல, ஆனா மோட்பஸ் ஆர்டியூல (பிஎல்சியோட பேசுற முறை) டைம்அவுட் மட்டும் வருது, டிரைவரை மூணு தடவை மாத்திட்டேன்னு சொல்றீங்க. டிரைவரை விடுங்க, அது சரியாத்தான் இருக்கும். வேற சாஃப்ட்வேர் போர்ட்டைப் பிடிச்சிருந்தா ஓப்பனே ஆகியிருக்காது, அதனால அதுவும் இல்ல.

முதல்ல பிஎல்சியைக் கழட்டிட்டு கன்வெர்ட்டரோட 9 பின் கனெக்டர்ல 2, 3 ரெண்டையும் ஒரு சின்ன வயரால ஷார்ட் பண்ணி, டெர்மினல் சாஃப்ட்வேர்ல லோக்கல் எக்கோவை (அடிக்கிறதை அதுவே திரையில காட்டுறது) ஆஃப் பண்ணிட்டு ஏதாவது டைப் பண்ணுங்க, அடிச்சது அப்படியே திரும்பி வந்தா கம்ப்யூட்டர் பக்கம் ஓகே.

அப்புறம் மல்டிமீட்டரை எடுங்க. கன்வெர்ட்டர்ல 5க்கும் 3க்கும் நடுவுல மைனஸ் 5 வோல்ட்டோ அதுக்கு மேலயோ மைனஸ்ல காட்டணும், அதுதான் டிரான்ஸ்மிட். அதே மாதிரி பிஎல்சி போர்ட்லயும் எந்த பின் மைனஸ் காட்டுதுன்னு பாருங்க (கிரவுண்டு எந்த பின்னுன்னு மேனுவல்ல பார்த்துக்கோங்க, எல்லாத்துலயும் 5 கிடையாது). கேபிள் ரெண்டு மைனஸையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா ரெண்டு பேரும் பேசுறாங்க, கேக்க ஆளில்ல, கிராஸ் கேபிள் (ஒரு பக்க டிரான்ஸ்மிட் எதிர்ப்பக்க ரிசீவுக்குப் போறது) போடணும். எங்க பேனல்ல இதுக்கே நான் ஒரு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கேன்.

மைனஸே இல்லன்னா அது ஆர்எஸ்-485 (வேற வகை சீரியல்) போர்ட்டா இருக்கலாம், அதுக்கு கன்வெர்ட்டரே வேற.

வயரிங் சரின்னா பேரிட்டி (பிழை கண்டுபிடிக்கிற பிட் செட்டிங்), ஸ்டேஷன் நம்பர் (பிஎல்சியோட மோட்பஸ் முகவரி) ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. பேரிட்டி தப்பா இருந்தா மோட்பஸ் ஸ்லேவ் (இங்க பிஎல்சி) எரர்கூட அனுப்பாது, கம்முனு இருக்கும். மீட்டர் ரீடிங்கைப் போடுங்க, பாக்கலாம்.