மாஸ்டர் பதில்கள்: தோல்வியோடு கடை திறந்த மல்லன்

போன இதழில் ஒருவர் முகமது அலியின் கைகளைப் பற்றிக் கேட்டிருந்தார். பதிலின் கடைசியில், "அந்தக் கைகளுக்கு வேலை கொடுக்காமல் பதினைந்து ரவுண்டும் தரையில் கிடந்து உதைத்த ஜப்பான்காரன் இனோகியைப் பற்றி இன்னொரு நாள் சொல்கிறேன்" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் இனோகிக்கு. மற்றக் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகர்: இனோகி யார்? எங்கே பிறந்தவர்? ஜப்பான்காரருக்கு அன்ரோனியோ என்று ஒரு பெயரா?

தொழில்முறை மல்லர் அவர். அன்ரோனியோ மேடைப் பெயர். தாய் தகப்பன் வைத்தது கன்ஜி. 1943 பெப்ரவரி 20ஆம் திகதி யோகோஹாமாவில் பிறந்தவர். தகப்பன் நேரத்தோடே போய்விட்டார். 1957இல், பதினான்கு வயதில், குடும்பத்தோடு கப்பல் ஏறி பிரேசிலுக்குப் போனார். வழியிலேயே பாட்டனார் இறந்துபோனார். போய் இறங்கிய இடத்தில் கோப்பித் தோட்டத்தில் கூலி வேலை. விடிந்தது முதல் பொழுதுபடும்வரை கோப்பி பிடுங்கிக் கை தோல் உரிந்த பிள்ளைதான், ஓய்ந்த நேரத்தில் குண்டும் தட்டும் எறிந்து அந்த நாட்டில் பெயர் எடுத்தது.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் குண்டு போடப் பழக்கியவன் நான். குண்டைத் தூரப் போடுகிற பிள்ளையின் பலம் கையில் இல்லை, இடுப்பிலும் தொடையிலும் இருக்கிறது. பார்த்தவுடன் தெரியும். 1960இல் பிரேசிலுக்கு வந்த ரிக்கிடோசானும் அதைத்தான் கண்டிருப்பார். யுத்தத்தில் தோற்றுக் கிடந்த ஜப்பானில், 1954இல் சந்திகளில் வைத்த டிவிப் பெட்டிகளுக்கு முன்னால் சனம் முண்டியடித்துப் பார்த்த மல்லர் அவர். கொரியாவில் பிறந்தவர். பதினேழு வயதுப் பையனைக் கையோடு டோக்கியோவுக்குக் கூட்டிப் போனார்.

அந்த வருடம் செப்டம்பர் 30ஆம் திகதி முதல் போட்டி. ஒரே நாளில் இரண்டு புதுப் பையன்கள் மேடை ஏறினார்கள். ஒருவர் ஜயன்ற் பாபா, அவர் வென்றார். மற்றவர் இனோகி, கின்ரரோ ஓகியிடம் தோற்றார்.

ஏறாவூரிலிருந்து ஓர் இளைஞர்: நல்லாக விளையாடுகிறவர் விளையாடிக்கொண்டு இருக்கலாமே சேர். ஏன் கம்பனி தொடங்கினார்?

குரு போன வீட்டில் யார் பெரியவர் என்ற கேள்வி வரும் தம்பி. 1963 டிசம்பரில் ஒரு இரவு விடுதியில் ரிக்கிடோசானைக் கத்தியால் குத்தினார்கள். ஒரு கிழமையில் இறந்துபோனார், வயது 39. அதற்குப் பிறகு பாபாதான் மூத்த பிள்ளை மாதிரி. இனோகி 1966இல் ரிக்கிடோசானின் மல்யுத்தச் சங்கத்தைவிட்டுப் பிரிந்து போய் டோக்கியோ புரோ ரெஸ்லிங் என்று ஒன்றில் சேர்ந்து நின்றார். சில மாதத்தில் அது படுத்துவிட்டது. திரும்பி வந்தார். பாபாவும் அவரும் சோடியாக நின்று பட்டங்கள் வென்றார்கள்.

மறுகா 1971 டிசம்பரில் இனோகியைச் சங்கத்தைவிட்டே விலக்கினார்கள். கணக்கு வழக்கைத் திருத்தப் போனேன் என்றார் இனோகி. சங்கத்தைப் பிடிக்கப் பார்த்தான் என்றார்கள் மற்றவர்கள். அடுத்த மாதமே, 1972 ஜனவரியில், நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் பிறந்தது. டிவி ஒப்பந்தம் இல்லை. பெயர் பெற்ற வெளிநாட்டு மல்லர்கள் வர வழியில்லை. பயிற்சிக்கூடம் எங்கே? தன் வீட்டையே இடித்துத் திருத்தி அதைப் பயிற்சிக்கூடம் ஆக்கினார்.

இனி நான் சொல்லப்போவதற்காகத்தான் எனக்கு அந்த மனிதனைப் பிடிக்கும். 1972 மார்ச் 6ஆம் திகதி டோக்கியோவின் ஓட்டா உடற்பயிற்சி மண்டபத்தில் முதல் நிகழ்ச்சி. சொந்தக் கம்பனி, சொந்தக் காசு, தன்னைப் பார்க்க வந்த சனம். கடைசிப் போட்டியில் பெல்ஜியத்தில் பிறந்த கார்ல் கோச்சுடன் மோதி, தோற்றார்.

எங்கள் கூத்தை நினைத்துப் பாருங்கள். அண்ணாவியார் மூன்று நாலு மாதம் இரவிரவாகப் பிள்ளைகளைப் பழக்குவார். அரங்கேற்றத்தன்று களரியில் முடி தரிப்பது பழகிய பிள்ளை. அண்ணாவியார் மத்தளத்தோடு பக்கத்தில் நிற்பார். கோச் இனோகிக்குப் பிடிகள் சொல்லிக்கொடுத்தவர். குருவிடம் முதல் நாளே தோற்று, "இங்கே வருகிறவன் இந்த மனிதரின் தரத்துக்குப் பழகவேண்டும்" என்று சனத்துக்குக் காட்டியிருக்கிறார். நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன். அடுத்த வருடம் டிவி வந்தது.

கல்முனையிலிருந்து ஓர் உயர்தர மாணவன்: இதெல்லாம் முதலே பேசி வைத்த விளையாட்டுத்தானே? வெற்றி தோல்வி தெரிந்த பிறகு அதில் என்ன வீரம்?

பேசி வைத்ததுதான். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்று முதலே தீர்மானிப்பார்கள். ஆனால் மகன், பதின்மூன்றாம் நாள் போரில் அபிமன்யு சாவான் என்று தெரியாமலா எங்கள் ஆட்கள் வட்டக்களரியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள்? சக்கர வியூகத்துக்குள் அவன் போகும்போது என் அம்மம்மா ஒவ்வொரு முறையும் அழுதா. எங்கள் பக்கத்துக் கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று இரண்டு பக்கமும் நின்று வடம் பிடிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். கொம்பு முறியிறபோது வருகிற சத்தம் உண்மை. மேடையில் முதுகு அடிபட விழுகிற விழுகையும் உண்மை.

அதோடு ஒன்று. 1976 ஜூன் 26ஆம் திகதி நிப்போன் புடோகானில் அலியோடு நடந்தது பேசி வைத்ததல்ல. ஆறு மில்லியன் டொலர் தருவதாகச் சொல்லி அலியைக் கூட்டிவந்தார் இனோகி. வந்த பிறகு அலியின் ஆட்கள் விதிகளை இறுக்கினார்கள். ஒரு முழங்கால் தரையில் ஊன்றியிருந்தால்தான் உதைக்கலாம். நின்றபடி உதைக்க வழியில்லை என்றால் கிடந்து உதைப்போம் என்று முதல் மணி அடித்ததுமே ஓடிப் போய்ச் சறுக்கி விழுந்தார். பதினைந்து ரவுண்டும் அப்படியே. அலியின் இடது கால் வீங்கிக் கன்றிப்போனது. முடிவு சமநிலை. சனம் குப்பையை எறிந்தது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பெரியகல்லாற்றில் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் சிரித்தார்கள். "சண்டைக்குப் போய்ப் படுத்துக் கிடந்தானாம்!" என் தகப்பனார் சிரிக்கவில்லை. ஆற்றில் வலை வீசுகிற மனிதன். "அவன்ட காலுக்கு என்ன நடந்த எண்டு போட்டிருக்கா?" என்று மட்டும் கேட்டார். சில நாளில் பதில் வந்தது: கால்களில் இரத்தம் கட்டி அலி ஆஸ்பத்திரியில். பல வருடத்துக்குப் பிறகு, ஜப்பானில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் கொண்டுவந்த கசெற்றை ஜெனரேட்டர் போட்டுப் பார்த்தேன். பொறுமையாகப் பார்க்கவேண்டிய சண்டை. அலியின் ஒரு சரியான அடி பட்டால் இனோகியின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்தப் பயம் இரண்டு பேர் முகத்திலும் தெரியும்.

அந்தப் போட்டி இனோகியின் தலையில் பெருங்கடனை ஏற்றியது. பிறகு குத்துச்சண்டைக்காரர், ஜூடோக்காரர், கராத்தேக்காரர் என்று வந்தவர்களோடெல்லாம் மோதி அந்தக் கடனை அடைத்தார். இன்றைக்கு எம்.எம்.ஏ. என்று நீங்கள் போனில் பார்க்கிற கலப்புச் சண்டைக்கு முன்னோடி என்று அந்தச் சமநிலைப் போட்டியைத்தான் சொல்கிறார்கள்.

காத்தான்குடியிலிருந்து ஒரு வாசகர்: அஸ்ஸலாமு அலைக்கும் மாஸ்டர். இனோகி இஸ்லாத்துக்கு வந்தவர் என்று வாப்பா சொல்லுவார். உண்மையா?

வஅலைக்கும் ஸலாம். வாப்பா சொன்னது சரி. 1990இல் ஈராக்கின் கர்பலாவில் வைத்து முஹம்மத் ஹுசைன் என்ற பெயர் எடுத்தார். பௌத்தத்தையும் தான் விடவில்லை என்று பின்னாளில் சொன்னார்.

பாகிஸ்தானோடு அவருக்கு அதற்கு முன்னமே கணக்கு இருந்தது. 1976 டிசம்பரில் கராச்சியில், பேர்போன போலு குடும்பத்து அக்ரம் பயில்வானின் கையை மடக்கிப் பிடித்தார். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, கை போய்விட்டது. 1979இல் அதே குடும்பத்து இளம்பிள்ளை ஜாரா, லாகூரில் இனோகியை எதிர்த்து நின்றான். ஐந்து ரவுண்டு முடிந்ததும் இனோகி தானே போய் ஜாராவின் கையைப் பிடித்து உயர்த்தினார். மைதானம் முழுக்கக் கொண்டாட்டம். மூன்று வருடத்துக்கு முதல் அந்த வீட்டில் ஒரு கையை முறித்தவர், இப்போது அதே வீட்டில் ஒரு கையைத் தூக்கிவிட்டார். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும்.

1989இல் விளையாட்டும் சமாதானமும் என்ற பெயரில் கட்சி வைத்து ஜப்பான் பாராளுமன்ற மேலவைக்குத் தெரிவானவர் அவர். 1990இல் சதாம் ஹுசைன் ஜப்பானியர்களையும் ஈராக்கில் பிடித்து வைத்திருந்தார். அரசாங்கம் தயங்கி நிற்க, இனோகி பக்தாத்துக்குப் போய் வந்தார். டிசம்பரில் பணயக் கைதிகளின் குடும்பத்தாரையும் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே மல்யுத்த நிகழ்ச்சி நடத்தினார். ஆட்களை விட்டார்கள்.

யுத்தத்துக்குள் 1990 எங்கள் மாவட்டத்தில் எப்படிக் கழிந்தது என்று உங்களுக்கும் எனக்கும் சொல்லத் தேவையில்லை. கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்த தாய்மார் எத்தனை பேர். பிடித்துவைத்தவனின் வாசலில் போய் நின்று ஆளைக் கேட்க ஒருவர் இருந்தார் என்பதை அதனால்தான் நான் மறப்பதில்லை.

காரைதீவிலிருந்து ஒரு தாய்: மகன் டிவியில் ரெஸ்லிங் பார்த்துவிட்டுத் தங்கச்சியின் கழுத்தைப் பிடிக்கிறான். என்ன செய்ய?

இன்றைக்கே நிறுத்துங்கள் மகள். கழுத்து விளையாட்டுச் சாமான் இல்லை. பிள்ளைக்கு ஆசை இருந்தால் கடற்கரை மணலுக்குக் கூட்டிப் போய், முதலில் விழப் பழகச் சொல்லுங்கள்: நாடியை நெஞ்சோடு சேர்த்து, உள்ளங்கையால் மணலில் அடித்து விழவேண்டும். நியூ ஜப்பானில் புதுப் பையன்கள் மேடை ஏறுமுன் நூற்றுக்கணக்கில் குந்தி எழும்பவேண்டும், தண்டால் எடுக்கவேண்டும். இந்தியப் பயில்வான்களின் பயிற்சிகள் அவை. அதில் ஐம்பது செய்த பிள்ளைக்குத் தங்கச்சியைப் பிடிக்கக் கையில் பலம் இராது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு கழகச் செயலாளர்: நாங்கள் கபடித் தொடர் ஒன்று நடத்தப்போகிறோம். விளையாடிய நான்தான் இப்போது பொறுப்பு. இனோகி நல்ல நிர்வாகியா? என்ன படிக்கலாம்?

படிக்க நிறைய உண்டு தம்பி, பாதி அவர் விட்ட பிழைகளிலிருந்து.

சனத்தை என்ன கொண்டுவரும் என்று அவரைப்போல் அறிந்தவர் குறைவு. அமெரிக்க மல்லர் ஹல்க் ஹோகனை ஜப்பானில் பெரிய ஆளாக்கியது அவருடைய மேடை. 1983 ஜூன் 2ஆம் திகதி, தான் வருடக்கணக்காகக் கனவு கண்ட தொடரின் இறுதிப் போட்டியில், அந்த ஹோகனின் அடியில் நாக்குத் தள்ளி விழுந்து கிடந்தார் இனோகி. புஜினாமி, சோஷு, மயேடா, முத்தோ, ஹஷிமொத்தோ என்ற மல்லர்கள் எல்லாரும் அந்தப் பட்டறையில் வடித்தவர்கள்.

ஆனால் காசு? பிரேசில் அவர் மனதைவிட்டுப் போகவேயில்லை. கரும்புச் சக்கையை மாட்டுத் தீனி ஆக்குகிறேன் என்று அங்கே ஒரு தொழில் தொடங்கினார். ஹிங்குராணைப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், சீனி ஆலையிலிருந்து வெளிவருகிற சக்கை எவ்வளவு குவியும் என்று. யோசனை நல்லது. தொழில் தோற்றது. மேடையில் பிள்ளைகள் விழுந்து எழும்பிச் சம்பாதித்த பணம் அந்தக் குழியை நிரப்பப் போனது. 1983இல் கம்பனிக்குள்ளேயே கிளர்ச்சி எழுந்து தலைவர் பதவியிலிருந்து இறங்கவேண்டி வந்தது. திரும்பி வந்தார்தான். ஆனால் சனம் உயிரை விட்ட முகமூடி மல்லர், முதலாவது டைகர் மாஸ்க், அந்த வருடமே போய்விட்டார். அடுத்த வருடம் மயேடா போனார், சோஷு போனார். 2005இல் தன் பங்குகளை ஒரு வீடியோ கேம் கம்பனிக்கு விற்றார்.

இந்த இடத்தில் நான் அவரை மன்னிப்பதில்லை. ஒருமுறை பன்னிரண்டு பிள்ளைகளைக் கபடிக்குக் கூட்டிக்கொண்டு வெளி மாவட்டம் போனேன். இரண்டாம் இடம் வந்தோம். பரிசுக் காசும் போக்குவரத்துச் செலவும் மாலையில் தருவதாகச் சொன்ன ஏற்பாட்டாளர் மாலையில் இல்லை. மணல் லொறி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி இரவு பதினொரு மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். முழங்கால் உரிந்த ஒரு பிள்ளை லொறியில் என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "சேர், நாங்க வெண்டிருந்தா காசு தந்திருப்பாங்களா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஆகவே, டிக்கெட் காசு கைக்கு வரும் முன்னரே பிள்ளைகளின் காசை வேறாக ஒரு உறையில் போட்டு, உங்கள் கழகத்தில் காசுக்கு ஆசைப்படாத ஒரு வயதாளியிடம் கொடுத்து வையுங்கள். மேடை, ஒலிபெருக்கி, மாலை, பொன்னாடை எல்லாம் அதற்குப் பிறகு.

தம்பிலுவிலிலிருந்து: பாபாவா, இனோகியா?

பார்ப்பதற்கு இனோகி. என் மகன் மல்லனாகப் போயிருந்தால் பாபாவிடம் அனுப்பியிருப்பேன். 1972 ஒக்டோபரில் ஓல் ஜப்பான் கம்பனியைத் தொடங்கிய அந்தக் கிட்டத்தட்ட ஏழடி மனிதர், சொன்ன காசைச் சொன்னபடி கொடுப்பவர் என்று வெளிநாட்டு மல்லர்களிடம் பெயர் எடுத்தவர். பத்திரம் எழுதத் தேவையில்லை, கை கொடுத்தால் போதும் என்பார்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு பழைய மாணவி: இனோகி இறந்த செய்தி வந்தபோது என்ன நினைத்தீர்கள் சேர்?

1998 ஏப்ரல் 4ஆம் திகதி டோக்கியோ டோமில் அவர் விடைபெற்றபோது மேடைக்கு வந்தவர்களில் ஒருவர் முகமது அலி. நடுக்கம் வந்துவிட்ட உடம்போடு வந்திருந்தார். அதற்குப் பிறகு இனோகிக்கும் நோய் வந்தது. அமிலோய்டோசிஸ் என்பார்கள், இதயத்தைக் கெடுக்கும். தான் மெலிந்து போனதை மறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே வீடியோ எடுத்துப் போட்டார். மேடையில் எப்போதும் அவர் சனத்தைக் கேட்கும் முதல் கேள்வி "கெங்கி தெஸ் கா?" என்பது. "சுகமாக இருக்கிறீர்களா?" என்று அர்த்தம்.

2022 ஒக்டோபர் முதலாம் திகதி, சனிக்கிழமை. வயது 79. நாங்கள் எல்லாரும் மின்வெட்டோடு கிடந்த வருடம். பேரன்தான் போனில் செய்தியைக் காட்டினான். கதையை முதலிலிருந்து சொன்னேன்: கோப்பித் தோட்டம், கோச்சிடம் தோற்றது, அலியின் கால், ஜாராவின் கை. கேட்டுக்கொண்டிருந்தவன் கட்டிலில் கிடந்த அந்த மெலிந்த மனிதரின் வீடியோவைத் தேடி எடுத்தான். அதில் அவர் கையை உயர்த்தினார். இருட்டுக்குள் பேரனும் தன் கையை உயர்த்தினான்.