வாள்வீச்சு முகாம் முடிந்தது, அடுத்து என்ன? - கேள்வி பதில்

கோடை முகாமில் வாள்வீச்சு பழகிய பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு, தர்மபுரியில் பயிற்சி தரும் அக்கா ஒருவரின் பதில்கள்.

பாலக்கோடு, 9ஆம் வகுப்பு மாணவி: அக்கா, இங்கே எதிரே நிற்க ஆளும் இல்லை, வாள்வீச்சு ஆடும் தளமான பிஸ்ட்டும் இல்லை. கற்றது மறந்துவிடாதா?

கால் வேலையை விடாமல் செய்தால் மறக்காதும்மா. பிஸ்ட் என்பது 14 மீட்டர் நீளம், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலம், அவ்வளவுதான். பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் போதும். முன்னே, பின்னே, லஞ்ச் (முன்னங்காலை நீட்டிப் பாய்ந்து குத்துவது). முதலில் மெதுவாகச் செய். போனைப் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுத்துப் பார். கை நீண்ட பிறகுதான் கால் போகிறதா? முன் முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா? இந்த இரண்டையும் சரிசெய்யவே மாதங்கள் ஆகும்.

அப்புறம், தம்பியோ தங்கையோ இருந்தால் கையுறையைத் தோள் உயரத்தில் பிடித்து, சொல்லாமல் விடச் சொல். தரையில் விழுவதற்குள் லஞ்ச் போட்டுப் பிடிக்க வேண்டும். முனையால் குத்திப் பழக, டென்னிஸ் பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடு. டோக்கியோ ஒலிம்பிக் வரை போன நம் பவானி தேவி ஆரம்பத்தில் மூங்கில் குச்சியில்தான் பழகினார். வசதி இல்லை என்று என்னிடம் வந்து சொல்லாதே!

அரூர்: நான் சிலம்பம் சுற்றுவேன். அது உதவுமா?

தூரம் கணிக்கும் கண்ணும் மணிக்கட்டும் உதவும். கால்தான் தகராறு. சிலம்பத்தில் சுழன்று நகர்வீர்கள், இங்கே ஒரே நேர்கோடு. சேபர் என்ற வாள் பிரிவில் முன்னே போகும்போது பின்னங்கால் முன்னங்காலைத் தாண்டினாலே தவறு.

ஓசூர், ஒரு அப்பா: மகனுக்கு முழு செட் வாங்கிவிடட்டுமா மேடம்?

வேண்டாம் சார். முதலில் அவனுக்கென்று கையுறை, பிறகு முகக்கவசம், பிறகு ஜாக்கெட். அடி பட்டால் விளக்கை எரியவைக்கும் மின் இணைப்புள்ள சாமான்களைப் போட்டிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம். பழைய முகக்கவசம் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது தந்தால், வலையை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ துரு இருந்தாலோ வாங்கவே கூடாது. மகன் இடக்கைக்காரன் என்றால் அதைச் சொல்லியே வாங்குங்கள், ஜாக்கெட்டும் கையுறையும் வேறு.

மிச்சமாகும் காசைப் பெங்களூரு பஸ்ஸுக்குச் செலவழியுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு அது பக்கம்தானே! அங்கே புதுப்புது ஆட்களோடு மோதட்டும். ஒரே நண்பனோடு ஆடிக்கொண்டே இருந்தால், அந்த நண்பனை ஜெயிக்க மட்டும்தான் தெரியும்.

கிருஷ்ணகிரி: ஃபாயில், எப்பே, சேபர் என்ற மூன்று வாள் பிரிவுகளில் எதை எடுப்பது?

உங்கள் பக்கத்தில் எதற்குப் பயிற்சியாளர் இருக்கிறாரோ அதை.

பென்னாகரம்: முதல் போட்டி. குழுவில் உள்ள ஒவ்வொருவரோடும் மோதும் பூல் சுற்றில் எல்லா ஆட்டமும் தோல்வி. விட்டுவிடலாமா?

ஸ்கோர் என்னப்பா? 5-0 தோல்வியும் 5-4 தோல்வியும் ஒன்றல்ல. வெற்றிக் கணக்கு சமமானால், அடித்த புள்ளியில் வாங்கிய புள்ளியைக் கழித்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். அதனால் 4-0 என்று பின்தங்கியிருந்தாலும் அடுத்த புள்ளிக்கு மதிப்பு உண்டு. ஆட்டம் முடிந்ததும் எந்த அடியில் புள்ளி விட்டாய் என்று நோட்டில் எழுது. பெரும்பாலும் ஒரே தவறுதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

இன்னொன்று, பயிற்சியில் நடுவராக நின்று பார். ஃபாயிலிலும் சேபரிலும் இருவர் அடியும் பட்டு இரண்டு விளக்கும் எரிந்தால், யார் முதலில் தாக்குதலைத் தொடங்கினார், யார் தடுத்துத் திருப்பி அடித்தார் என்று நீதான் சொல்ல வேண்டும். நாலு ஆட்டத்துக்குச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு வந்து பேசு.