மெஷ்ஷை இன்னும் நுணுக்கினால் சரியாகுமா?

வணக்கம் ஐயா,

முதுநிலை இயந்திரவியல் படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக, அடையாளங்கள் நீக்கித் தரப்பட்ட ஒரு இதய சி.டி. ஸ்கேனிலிருந்து இடது கரோனரி குழாயை உருவாக்கி, சிம்வாஸ்குலர் என்ற மென்பொருளில் ரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டேன். நுழைவாயிலில் ஓய்வுநிலை ஓட்டம், கிளைமுனைகள் எல்லாவற்றிலும் அழுத்தம் பூஜ்யம். அடைப்பைத் தாண்டும்போது 8 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் குறைகிறது. பெருந்தமனி அழுத்தம் 93 என்று வைத்தால் எஃப்.எஃப்.ஆர். 0.91. மருத்துவமனையில் குழாய்க்குள் அழுத்தம் அளக்கும் வயர் விட்டு அளந்தபோது 0.76 வந்திருக்கிறது. மெஷ்ஷில், அதாவது கணக்குக்காகக் குழாயைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையில், 20 லட்சம் செல்கள். 80 லட்சமாக்கினால் சரியாகுமா?

ம.

அன்புள்ள ம.,

ஆகாது. தவறு மெஷ்ஷில் இல்லை, நீங்கள் கொடுத்த எல்லை நிபந்தனைகளில், அதாவது நுழைவாயிலிலும் கிளைமுனைகளிலும் வைத்த மதிப்புகளில், இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எஃப்.எஃப்.ஆர். என்பது அடைப்புக்கு அப்பால் உள்ள சராசரி அழுத்தத்தைப் பெருந்தமனி அழுத்தத்தால் வகுத்து வரும் எண். 0.80 அல்லது அதற்குக் கீழே போனால் ஸ்டென்ட் பற்றி யோசிப்பார்கள். ஆகவே 0.91-க்கும் 0.76-க்கும் நடுவில் ஒரு நோயாளியின் சிகிச்சையே மாறிவிடுகிறது. இந்த எண்ணை சி.டி.யிலிருந்தே கணக்கிடும் முறைக்கு அமெரிக்காவில் 2014-லேயே அனுமதி கிடைத்துவிட்டது.

வயர் அளவு எடுக்கும்போது அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்து நுண்குழாய்களை விரிய வைத்திருப்பார்கள். நீங்கள் கணக்கிட்டது ஓய்வுநிலை. உங்கள் 8-ல் 5 உராய்வாலும் 3 அடைப்புக்குப் பின் எழும் சுழிப்பாலும் வந்தவை என்று வையுங்கள். ஓட்டம் இரட்டித்தால் உராய்வு இரண்டு மடங்காகும், சுழிப்பிழப்பு நான்கு மடங்காகும்: 10, 12, மொத்தம் 22. இப்போது 71-ஐ 93-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.76. இது கைக்கணக்குதான், இரட்டிப்பு என்பது நானாக வைத்த எண். ஆனால் பிழை எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டப் போதும்.

உண்மையில் ஓட்டம் எத்தனை மடங்கு ஏறும்? அதைத்தான் மாடல் சொல்ல வேண்டும். அடைப்பு இறுக இறுக ஏற்றம் குறையும். நுழைவில் ஓட்டத்தை நீங்களே கொடுத்துவிட்டால் விடையை முன்கூட்டியே எழுதிவிட்டதாகிறது. நுழைவில் அழுத்தம் கொடுங்கள். கிளைமுனைகளில் பூஜ்யத்தை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடைமதிப்பு கொடுங்கள். பூஜ்யம் கொடுத்தால், ஸ்கேனில் குட்டையாக வெட்டுப்பட்ட கிளைக்குத்தான் அதிக ரத்தம் போகும். உடலிலோ தடையின் பெரும்பங்கு படத்தில் தெரியாத நுண்குழாய்களில் இருக்கிறது.

தடைமதிப்புக்கு வழி: அதே சி.டி.யில் இதயத்தசையின் எடையைக் கணக்கிட்டு, கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 0.8 முதல் 1 மி.லி. என்று ஓய்வுநிலை ஓட்டத்தை எடுங்கள். அதில் இடது கரோனரிக்குரிய பங்கை விட்டத்தின் மும்மடிப்படி கிளைகளுக்குப் பிரியுங்கள், 3 மி.மீ. கிளையும் 2 மி.மீ. கிளையும் இருந்தால் 27-க்கு 8. அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் ஓய்வுநிலைத் தடை. அடினோசின் நிலைக்கு அதை 0.24-ஆல் பெருக்குவது வழக்கம். எஃப்.எஃப்.ஆர். சராசரி அழுத்தங்களின் விகிதம் என்பதால் முதல் கணக்குக்கு நிலையான ஓட்டமே போதும், துடிப்பு தேவையில்லை.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். 0.76 வரும்வரை அந்த 0.24-ஐத் திருகாதீர்கள். அப்படி வரவழைத்த எண் கணிப்பு ஆகாது. அடுத்த நோயாளிக்கு அது உதவாது. நீண்டநாள் சர்க்கரை நோயாளியின் நுண்குழாய்கள் அவ்வளவு விரியாமலும் போகலாம். வயர் அளவை மூடி வைத்துவிட்டுக் கணக்கை முடியுங்கள், பிறகு ஒப்பிடுங்கள்.

அலகுகளையும் பாருங்கள். சி.டி. மாடல் மி.மீ.-ல் இருக்கும், சிம்வாஸ்குலரில் முன்னிருப்பாக உள்ள அடர்த்தி 1.06, பாகுநிலை 0.04 இரண்டும் செ.மீ.-கிராம் அலகுகள். மாடலைச் சுருக்காமல் விட்டால் பத்து மடங்கு பெரிய குழாயில் கணக்குப் போட்டிருப்பீர்கள், மென்பொருள் எச்சரிக்காது.

மெஷ்ஷுக்கு மூன்று நுணுக்கங்கள் போட்டு, அழுத்தம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக மாறும் இடத்தில் நிறுத்துங்கள். மிச்ச நேரத்தை அடைப்பின் விட்டத்துக்குக் கொடுங்கள். 200 மி.மீ. பரப்பை 512 பிக்சலாகப் பிரித்தால் ஒரு பிக்சல் 0.39 மி.மீ.; 1.5 மி.மீ. துளைக்கு நான்கு பிக்சல்கூட இல்லை. விட்டத்தில் 10 சதவீதம் குறைத்து வரைந்தால் உராய்வுத் தடை ஒன்றரை மடங்கு. சுவரில் கால்சியம் இருந்தால் அது படத்தில் ஊதித் தெரிந்து துளையை இன்னும் சிறிதாக்கிக் காட்டும். அதனால் விட்டத்தை ஐந்து சதவீதம் கூட்டியும் குறைத்தும், தடையை மாற்றியும் மறுபடி ஓட்டி, கிடைக்கும் வீச்சை ஆய்வேட்டில் எழுதுங்கள். 0.80 அந்த வீச்சுக்குள் விழுந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.