ஐந்து கோடு, பன்னிரண்டு உச்சரிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பிறப்பு, உயிர், முளைத்தல், வேகாத பச்சை. இத்தனைக்கும் சீன எழுத்தில் ஒரே வடிவம்தான்: 生. மாண்டரினில் ‘ஷெங்’, கொரியத்தில் ‘செங்’, வியட்நாமியத்தில் ‘சிஞ்’. இம்முறை கேள்விகள் எல்லாம் இந்த எழுத்தைப் பற்றியவை.

ஜப்பானியத்தில் இதை எப்போது எப்படி வாசிப்பது? பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

பட்டியலை மூடி வையுங்கள். 2010இல் திருத்தப்பட்ட ஜப்பானிய அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் இதற்குச் சீன வழி உச்சரிப்பு 2, நாட்டு வழி உச்சரிப்பு 10. மனப்பாடம் செய்து மாளாது. எழுத்துக்குப் பின்னால் வரும் ஹிரகானா (ஜப்பானிய அசையெழுத்து) வாலைப் பாருங்கள். ‘கிரு’ வந்தால் ‘இகிரு’ (வாழ்தல்). ‘மரெரு’ வந்தால் ‘உமரெரு’ (பிறத்தல்). ‘எரு’ மட்டும் வந்தால் ‘ஹஎரு’ (முளைத்தல்). வாலில்லாமல் உணவு, பானப் பெயருக்கு முன் நின்றால் பெரும்பாலும் ‘நம’: ‘நம பீரு’ என்றால் சூடாக்கிப் பதப்படுத்தாத பீர்.

இன்னொரு சீன எழுத்தோடு சேர்ந்தால் முதலில் ‘செய்’ என்று வாசித்துப் பாருங்கள்: ‘ககுசெய்’ (மாணவர்). பௌத்தத்தோடு வந்த பழஞ்சொற்களில் ‘ஷோ’ அதிகம். ‘இஷ்ஷோ’ (வாழ்நாள்) அன்றாடப் பேச்சிலும் உண்டு. ‘ஷோ’ சீனத்திலிருந்து முந்திய அலையில் வந்தது. ‘செய்’ பிறகு சீனாவின் தாங் அரசுத் தலைநகர் சாங்ஆன் பேச்சிலிருந்து வந்தது. பழையதைத் தூக்கி எறியாததால் இரண்டும் தங்கிவிட்டன. ‘ஷிபஃபு’ (புல்தரை), ‘யயோய்’ (மார்ச்சின் பழம்பெயர்) போன்றவை எந்த விதிக்கும் அடங்காதவை. சொல்லாகவே பழக வேண்டும்.

இந்த எழுத்தோடு ‘தண்ணீர்’ எழுத்து சேர்ந்தால் குடிக்கலாமா?

சியோலில் தாராளமாக. ‘செங்சு’ என்பது கடையில் விற்கும் பாட்டில் குடிநீர். சீனாவில் அதே இரண்டு எழுத்து ‘ஷெங்ஷுவே’, அதாவது காய்ச்சாத நீர். குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கும் இடத்தில்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஜப்பானிய ‘நமமிஜு’வும் காய்ச்சாததே. நாம் பச்சைத் தண்ணீர் என்கிறோமே, அதுதான்.

முகவரி அட்டையில் ‘சென்செய்’ எழுத்துகள் இருந்தால் அவர் ஆசிரியரா?

ஜப்பானில் ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் யாராகவும் இருக்கலாம். கொரியாவில் மரியாதைச் சொல்லான ‘நிம்’ சேர்த்து ‘சொன்செங்நிம்’ என்றால் பெரும்பாலும் ஆசிரியர். சீனத்தில் குடும்பப் பெயருக்குப் பின் வரும் ‘ஷியன்ஷெங்’ வெறும் ‘திரு’. தென்சீனத்தின் கான்டனீஸ் பேச்சில் அதுவும் சுருங்கி ‘சான் சாங்’ (திரு. சான்) என்றாகிவிடும். சீன ஆவணத்தில் இதை ‘ஆசிரியர்’ என்று மொழிபெயர்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

‘காற்று’ எழுத்தோடு சேர்ந்தால் ‘உயிர்த்துடிப்பு’ என்று அகராதி சொல்கிறது. சீன நண்பரிடம் சொன்னபோது முகம் மாறியது.

நீங்கள் பார்த்தது ஜப்பானிய அல்லது கொரிய அகராதி. அங்கே ‘செய்கி’, ‘செங்கி’ இரண்டும் உயிர்த்துடிப்பு. சீனப் பேச்சில் ‘ஷெங்ச்சி’ என்றால் முதலில் தோன்றுவது கோபம்.

கைபேசியில் கோட்டு வரிசைப்படி தட்டினால் எழுத்து வரவில்லை.

ஜப்பானிய வரிசையில் தட்டியிருப்பீர்கள். இடப்பக்கம் சாயும் சிறு கோடு, பிறகு படுக்கைக் கோடு. இதுவரை இரு நாட்டிலும் ஒன்றே. அடுத்து சீனாவில் படுக்கை, செங்குத்து, அடிக்கோடு. ஜப்பானில் செங்குத்து, படுக்கை, அடிக்கோடு. சீன உள்ளீட்டில் படுக்கை 1, செங்குத்து 2, இடச்சாய்வு 3. ஆகவே 3-1-1-2-1. கையால் எழுதும்போது அடிக்கோட்டை விட்டுவிட்டால் அது மாடு!

‘உயிர்’ என்று இந்த ஒற்றை எழுத்தைப் பச்சை குத்தலாமா?

வேண்டாம். தனியாக நின்றால் ஜப்பானியர் கண்ணுக்கு ‘நம’தான் படும்; மதுக்கடைச் சுவரொட்டிகளில் பெரிதாக இருப்பதும் இதே எழுத்து. ‘இனோச்சி’ என்று வாசிக்கும் 8 கோட்டு எழுத்தைக் கேளுங்கள்.

வியட்நாமில் ‘சிஞ் தோ’ என்று பழக்கடையில் எழுதியிருக்கிறதே?

இதே எழுத்தின் வழி வந்த சொல்தான், இப்போது லத்தீன் எழுத்தில். வைட்டமின் என்பது அதன் பொருள். கடையில் கேட்டால் பழக்கூழ் பானம் வரும். வேகாத காய்கறிக்கு அங்கே ‘சிஞ்’ எடுபடாது, நாட்டுச் சொல்லான ‘சோங்’ வேண்டும்.