இரத்தம் குடிப்பவர்களை அடைத்து வைப்பதா?

கேள்வி: அமெரிக்காவில் தம்மை இரத்தக் காட்டேரி என்று சொல்லிக்கொண்டு மனித இரத்தம் குடிப்பவர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்களாமே? இவர்களை மனநோய் விடுதியில் அடைக்காமல் பேட்டி எடுத்துப் பத்திரிகையில் போடுவது என்ன நியாயம்? கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன் ஓயாமல் இவர்களைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறான். – வாசகர், கும்பகோணம்

பதில்: இருக்கிறார்கள். அவர்களை அடைத்து வைக்க வேண்டியதில்லை. இதுவரை பேசியதைவிட அதிகமாகவே அவர்களிடம் பேச வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பேச வேண்டியவர்கள் பத்திரிகையாளர்களைவிட முதலில் மருத்துவர்கள்.

ஜான் எட்கர் பிரவுனிங் என்ற ஆய்வாளர் 2009 முதல் 2011 வரை நியூ ஆர்லியன்ஸ் நகரில் இத்தகையவர்களோடு பழகி, தாம் கண்டதை 2015இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அவர் சந்தித்தவர்களில் மதுக்கூடப் பணியாளர்களும் அலுவலகச் செயலர்களும் செவிலியர்களும் இருந்தார்கள். தேவாலயம் செல்லும் கிறித்தவர்களும் இருந்தார்கள், கடவுள் இல்லை என்பவர்களும் இருந்தார்கள். பருவ வயதை ஒட்டித் தீராத சோர்வு தம்மைப் பற்றிக்கொண்டதாகவும், சிறிதளவு இரத்தம் உட்கொண்டால் அது தணிவதாகவும் இவர்களில் பலர் சொல்கிறார்கள். இன்னொரு பிரிவினர் இரத்தத்தைத் தொடுவதே இல்லை. பிறரது உயிராற்றலை ஈர்த்துக்கொள்வதாகக் கூறுகிறார்கள். இரத்தம் குடிப்பவர்களும் யார் கழுத்தையும் கடிப்பதில்லை. மனமுவந்து சம்மதித்த ஒருவரின் உடலில், தழும்பு எளிதில் தங்காத இடத்தில், கிருமி நீக்கிய சிறு கத்தியால் கீறி மிகக் குறைந்த அளவே எடுக்கிறார்கள். இவர்களில் சிலர் 2005இல் அந்நகரில் தொடங்கிய சங்கம் பண்டிகை நாட்களில் வீடற்றவர்களுக்கு உணவு வழங்கியிருக்கிறது.

1996 நவம்பரில் ஃபுளோரிடாவில் ஒரு தம்பதியைக் கொன்ற பதினாறு வயதுச் சிறுவன் தன்னைக் காட்டேரி என்று சொல்லிக்கொண்டான் என்பதும் உண்மையே. கொலை செய்தவனுக்குச் சட்டம் தண்டனை கொடுத்தது. அவன் சொல்லிக்கொண்ட பெயரையே தாமும் சொல்லிக்கொள்ளும் ஒரு செவிலியருக்கு எதற்காகத் தண்டனை?

இதனால் அவர்கள் சொல்லும் காரணத்தை நான் ஏற்கிறேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. குடித்த இரத்தம் உடலில் இரத்தமாகப் போய்ச் சேர்வதில்லை; மற்ற உணவைப் போலவே வயிற்றில் செரித்துப் புரதமாகவும் இரும்பாகவும் பிரிந்துவிடுகிறது. சில துளி இரத்தத்தில் உள்ள இரும்பு சோர்வைப் போக்கப் போதாது. அதிக அளவில் குடித்தாலோ குமட்டி வாந்தி வரும். ஆபத்து மட்டும் உறுதியானது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய மூன்றும் இரத்தத்தின் வழியே பரவுபவை. தொற்று ஏற்பட்ட தொடக்க நாட்களில் பரிசோதனை அதைக் காட்டாமல் போகக்கூடும் என்பதால், பரிசோதித்த பிறகே பெறுகிறோம் என்ற அவர்களது ஏற்பாடும் முழுப் பாதுகாப்பாகிவிடாது. இப்பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்றே நான் சொல்வேன்.

ஆனால் சொல்வதற்கு அவர் நம் எதிரே வந்து உட்கார வேண்டுமே! இடாஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டி. ஜே. வில்லியம்ஸ், எமிலி பிரையர் என்ற இன்னொரு ஆய்வாளருடன் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். தம்மைக் காட்டேரி என்று கருதும் பதினொரு பேரிடம், மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ இதைச் சொல்வீர்களா என்று விசாரித்தபோது, பெரும்பாலோர் தயங்கினார்கள். பைத்தியம் என்பார்கள், கொடியவர் என்பார்கள், வேலைக்குத் தகுதியற்றவர், பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவர் என்று முத்திரை குத்துவார்கள் என்ற அச்சமே காரணம். பதினொரு பேரை வைத்து ஒரு சமூகத்தையே அளந்துவிட முடியாது என்பது சரிதான். ஆயினும் உங்கள் கேள்வியின் முதல் பாதியைப் படிக்கும்போது அந்த அச்சம் கற்பனையானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரத்தம் குடிக்கும் வேட்கையைத் தனியொரு மனநோயாக வகைப்படுத்த 1992இல் ஒரு பெயர் முன்வைக்கப்பட்டபோதும், மனநோய்களின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியல்களில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஒருவருக்கு மனநோய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவரிடம் பேசிப் பார்க்காமல் அதை எவரும் முடிவு செய்ய முடியாது.

காட்டேரி என்ற பெயரால் நடந்த கொடுமைகளில் என்னை மிகவும் வருத்துவது அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தைச் சேர்ந்த எக்ஸிடர் என்ற சிற்றூரில் 1892இல் நடந்தது. பிரவுன் குடும்பத்தில் தாயும் மூத்த மகளும் காசநோயால் இறந்திருந்தார்கள்; அவ்வாண்டு ஜனவரியில் பத்தொன்பது வயது மெர்சியும் இறந்தாள்; அவளுடைய அண்ணன் எட்வினோ அதே நோயில் படுத்துக் கிடந்தான். இறந்தவர்களில் ஒருவர்தான் அவன் உயிரை உறிஞ்சுகிறார் என்று அயலார் முடிவு கட்டி, தந்தையை இணங்க வைத்து, மார்ச்சில் கல்லறைகளைத் திறந்தார்கள். கடுங்குளிரில் கெடாமல் இருந்த மெர்சியின் இதயத்தில் இரத்தம் கண்டதே அவர்களுக்குச் சான்றாகிவிட்டது. உடலைச் சோதித்த மருத்துவர், இது இயற்கையானதே, நுரையீரலில் காசநோயின் அடையாளம் இருக்கிறது என்று அங்கேயே சொன்னார். ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்துப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அப்படியிருந்தும் அவளது இதயத்தை எரித்து, அந்தச் சாம்பலை நீரில் கரைத்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் அவன் இறந்தான். அன்றைய மருத்துவம் அவனைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் பக்கத்திலேயே நின்று பேசியும், அச்சம் கொண்ட ஊர் அவர் சொல்லைக் காதில் வாங்கவில்லை. இன்று நோயாளியின் அச்சமும், அடைத்துப் போடச் சொல்லும் நம் அச்சமும் சேர்ந்து அதே இடைவெளியை உண்டாக்குகின்றன.

உங்கள் தம்பி மகனைப் பற்றி. படிக்கிறான் என்பதற்காகத் திட்டாதீர்கள், கைபேசியைப் பிடுங்காதீர்கள். வெறும் ஆர்வமா, அல்லது தனக்கும் அப்படி ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறானா என்று தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். இரண்டாவதுதான் என்றால், தூக்கம், பசி, தலைவலி, மனச்சோர்வு எல்லாவற்றையும் விசாரியுங்கள்; பொது மருத்துவரிடம் அழைத்துப் போய் ஹீமோகுளோபின் அளவையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமும் செல்லலாம். பிறர் இரத்தத்தை அவன் ஏற்கெனவே சுவைத்திருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பரிசோதனைகளை உடனே ஒருமுறையும், மருத்துவர் குறிக்கும் நாளில் மறுமுறையும் செய்துகொள்ள வேண்டும். மருத்துவர் சிரித்தால், வேறொரு மருத்துவரைத் தேடிப் போங்கள்.