முதலில் பெஞ்சு மாறுங்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் மூப்பராக இருக்கிறேன். எங்கள் 22 வயது மகள் கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமாகிவிட்டாள். தவறை அவளே ஒப்புக்கொண்டாள். ஆறு மாதத்துக்குத் திருவிருந்து இல்லை, பாடகர் குழுவிலும் இடமில்லை என்று பாஸ்டர் ஆராதனையில் அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் கடைசி பெஞ்சில் தனியாக உட்காருகிறாள். முன்வரிசையில் இருக்கும் எங்களுக்குத் திரும்பிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. இந்தத் தண்டனை சரியா? வேறு சபைக்குப் போய்விடலாமா?

பதில்: தண்டனை சரிதான், சகோதரரே. பரிசுத்தத்தைப் பிரசங்கிக்கிற சபை, ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை விழும்போது கண்டும் காணாமலும் இருக்க முடியாது. அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருந்தால் மூப்பர் கூட்டத்தில் நீங்களும் இதற்குச் சம்மதித்திருப்பீர்கள்.

என்னைக் கோபப்படுத்தியது வேறு. அவள் கடைசி பெஞ்சில், நீங்கள் முன்வரிசையில்! இப்படி உட்காரச் சொன்னது யார்? பாஸ்டர் நிறுத்தியது திருவிருந்தையும் பாட்டையும்தான். அப்பா அம்மாவை அவர் நிறுத்தவில்லை, அதைச் செய்தது நீங்கள். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் பின்னால் தனியாக இருக்கிறாள், பெற்றவருக்கோ மூப்பர் நாற்காலியை விட்டு எழ மனமில்லை. உங்கள் கூச்சம் அவள் பாவத்தைப் பற்றியதா, உங்கள் பதவியைப் பற்றியதா?

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், பாவத்தில் நிலைத்திருப்பவனைச் சபையைவிட்டு விலக்கச் சொல்கிறார். இரண்டாம் நிருபம் இரண்டாம் அதிகாரத்திலோ, தண்டனை பெற்றவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவனை மன்னித்து ஆறுதல் செய்யச் சொல்கிறார். முதலாவதைச் சபை செய்துவிட்டது. ஆறுதலை யார் தொடங்குவது? அதற்கும் பாஸ்டர்தான் வரவேண்டுமா?

தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் காலத்தில், இன்ன இனத்தார் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்ற குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நம் ஜனங்களைப் பெயர்த்து இதே சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டார்களே, அப்போது அக்கம்பக்கத்தை இழந்த எத்தனையோ குடும்பங்களுக்குச் சபைதான் சொந்தமாக நின்றது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை சபைக்குள்ளேயே அநாதையாக உட்காருவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

வேறு சபைக்குப் போகாதீர்கள். போனால் அவள் தண்டனை பாதியில் நிற்கும், அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள ஆளே இருக்காது. போகிற இடத்துக்கும் பேச்சு வந்துவிடும். அப்புறம், அந்தப் பையனைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. அவனும் உங்கள் சபை என்றால் அவனுக்கும் இதே ஒழுங்கு உண்டா என்று கேளுங்கள். பட்சபாதம் கூடாதென்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது.

வருகிற ஞாயிறு நீங்களும் உங்கள் மனைவியும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்காருங்கள். திருவிருந்து வரும்போது நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், எதிர்ப்புக் காட்டுவதற்காக மறுக்க வேண்டாம். தட்டு அவளைத் தாண்டிப் போகும்போது அவள் கை அம்மாவின் கைக்குள் இருக்கட்டும். ஆறு மாதம் எந்த ஞாயிறோடு முடிகிறது என்று பாஸ்டரிடம் இப்போதே தேதி கேட்டு வாங்குங்கள். தண்டனையை எந்த மேடையில் அறிவித்தாரோ, அவளைச் சேர்த்துக்கொள்வதையும் அதே மேடையில், அதே சத்தத்தோடு அவர் அறிவிக்க வேண்டும். மூப்பர் கூட்டத்தில் அதை நீங்களே எழுந்து கேளுங்கள்.