கோட்டுக்கு வெளியே நிற்கும் தந்தை

கேள்வி: பத்து வயது மகனின் கால்பந்து ஆட்டங்களில் என் கணவர் எல்லைக்கோட்டருகே நின்று “பாஸ் பண்ணு, அடி” என்று கத்துகிறார், நடுவரிடமும் வாதிடுகிறார். மகன் தலைகுனிந்து நிற்கிறான். என்ன செய்வது?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பந்தோடு ஓடும் சிறுவன், பயிற்சியாளர் சொன்னதற்கும் தந்தை கத்துவதற்கும் இடையே எதற்குப் பணிவது என்று தடுமாறும்போது, தானே பார்த்துத் தானே முடிவெடுக்கும் பழக்கம், அதாவது கால்பந்தின் உயிரே, அவனிடம் வளராமல் போகிறது. ஆட்ட நிகழ்வுகள் குறித்து நடுவரின் தீர்ப்பே இறுதியானது என்கிறது கால்பந்தின் 5ஆவது விதி. உங்கள் பகுதியின் கௌதமபுரத்தில் பிரேசில் கால்பந்து வீரர் பெலேவுக்குச் சிலையே உண்டு. அத்தகைய பற்றை, எதிரணிச் சிறுவனின் நல்ல ஆட்டத்துக்கும் கைதட்டிக் காட்டச் சொல்லுங்கள். வீடு திரும்பும் வழியில் தவறுகளை அலச வேண்டாம். இவற்றைக் கணவரிடம் ஆட்டத்துக்கு முந்தைய நாளே, மகன் அருகில் இல்லாதபோது, பேசுங்கள்.